இரண்டாவது ஸ்லாட்

செப்டம்பர் 2, செவ்வாய்

பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் வேதியியல் ரெக்கார்டு நோட்டுகளைத் திருத்தித் திருத்தி எனக்கு ஒரு வியாதி வந்துவிட்டது. எதைப் பார்த்தாலும் சோதனை, உற்றுநோக்கல், முடிவு என்று மூன்றாகப் பிரித்துத்தான் எழுத வருகிறது. கல்யாணமான புதிதில் இந்த டைரியைப் பார்த்த வசுமதி, "என்னங்க, என்னை இதுல எங்க எழுதியிருக்கீங்க? சோதனையிலயா?" என்று கேட்டாள். இல்லை. முடிவு என்ற தலைப்பின் கீழ்தான் எழுதியிருந்தேன். நாற்பத்தெட்டு வயதில் கல்யாணம் செய்துகொள்கிறவனுக்கு வேறு எங்கே எழுத முடியும்?

இன்றைய உற்றுநோக்கல்: தாரகையின் லேப்டாப். காலையில் அதன் பொத்தானை அழுத்திவிட்டுக் குளிக்கப் போகிறாள், வந்து தலை பின்னிக்கொள்கிறாள், இட்லி சாப்பிடுகிறாள், அதன் பிறகுதான் திரையில் அவள் பெயர் வருகிறது. தாரகை வசுமதியின் மகள். இந்த ஆண்டுதான் கட்டடக்கலை படிக்கச் சேர்ந்திருக்கிறாள். லேப்டாப் அவளுடைய அப்பா கதிரேசனுடையது. துவாக்குடியில் ஒரு கம்பெனியில் இயந்திரங்களுக்கு வரைபடம் போடுகிற வேலை பார்த்தவர், இரண்டு வருடங்களுக்கு முன்பு ஆடி மாதத்தில் மாரடைப்பில் போய்விட்டார். நான் இந்த உறையூர் வீட்டுக்கு வந்தது போன மே மாதம்.

தாரகை மரியாதையான பெண். முகம் சுளித்ததில்லை. ஆனால் என்னை எப்படியும் கூப்பிடுவதில்லை. நான் இருக்கும் திசையைப் பார்த்து, "அம்மா சாப்பிட வரச் சொன்னாங்க" என்பாள். குளியலறைக்குள் இருக்கும்போது எனக்குப் போன் வந்தால் கதவைத் தட்டி "போன்" என்பாள், அவ்வளவுதான். இதைக் குறையாகச் சொல்லவில்லை. குறித்துக்கொள்கிறேன்.

"புது லேப்டாப் வாங்கிரலாமாம்மா?" என்று கேட்டேன்.

"வேண்டாங்க. இதுவே போதும்."

"சரி, அப்ப இதையே திறந்து..."

"திறக்க வேண்டாம்."

நான் வாக்கியத்தை முடிக்கக்கூட இல்லை. அந்த வேகம்தான் எனக்கு வியப்பாக இருக்கிறது.

செப்டம்பர் 4, வியாழன்

இரண்டு நாளாக ரேமைப் பற்றிப் படிக்கிறேன். ஆசிரியர் அறையில் கணினி ஆசிரியரைப் பிடித்துக் கேட்டதில் அவர் தேநீர் ஆறிப்போய்விட்டது. இதுவரை எனக்குப் பிடிபட்டது இது. ஆய்வகத்தில் அலமாரி இருக்கிறது, மேஜை இருக்கிறது. பொருள்கள் எல்லாம் அலமாரியில் இருக்கும். அது ஹார்ட் டிஸ்க். இப்போது செய்கிற வேலைக்கு வேண்டியதை எடுத்துப் பரப்பி வைக்கிற மேஜைதான் ரேம். மேஜை சின்னது என்றால் ஒரு குடுவையை வைக்க இன்னொன்றைத் தூக்கி அலமாரியில் வைத்துவிட்டு வரவேண்டும். தாரகை வரைவது முப்பரிமாண வீடுகள். சின்ன மேஜையில் அத்தனை பெரிய வீடு எப்படி நிற்கும்?

எனக்கு ஆர்வம் இந்தப் பொருளின் மீதுதான். வேறெதுவும் இல்லை.

செப்டம்பர் 6, சனி

தெப்பக்குளம் பக்கம் ஒரு மாடிக் கடை. ரெஜினா என்ற பெண்மணி நடத்துகிறார். கழுத்தில் மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்டுக்கொண்டு, ஒரே நேரத்தில் போனிலும் என்னிடமும் பேசினார்.

"என்ன மாடல் சார்?"

"தெரியலைங்க. கறுப்புக் கலர்."

"எல்லாமே கறுப்புதான் சார். என்ன ரேம், த்ரீயா ஃபோரா?"

டிடிஆர் மூன்று, நான்கு என்று தலைமுறை இருப்பதை நான் படித்திருந்தேன். பெரிய எண் நல்லதாகத்தானே இருக்கும் என்று நான்கைக் கேட்டேன். ஒன்பதாம் வகுப்புப் பையன் செய்கிற தப்பு. அவர் ஒருமுறை என்னை நிமிர்ந்து பார்த்தார். "பிரிக்காம வெச்சிருங்க. சேரலைன்னா மாத்தித் தர்றேன்" என்றார். சேராது என்று அப்போதே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

செப்டம்பர் 7, ஞாயிறு

சாப்பாட்டு மேஜையில் பொட்டலத்தை வைத்தேன். தாரகை கையில் எடுக்காமலேயே குனிந்து படித்தாள்.

"இது டிடிஆர் ஃபோர். இதுல சேராது. காடி வேற இடத்துல இருக்கும்."

காடி என்றால் ரேமின் அடி ஓரத்தில் இருக்கிற சின்ன வெட்டு. அது சரியான இடத்தில் இருந்தால்தான் உள்ளே இறங்கும்.

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"அப்பா சொல்லித் தந்திருக்காங்க."

எழுந்து போய்விட்டாள். வசுமதி என் தட்டில் கேட்காமலேயே இன்னொரு கரண்டி கூட்டு வைத்தாள். தோற்றவனுக்கு ஆறுதல் பரிசு.

உற்றுநோக்கல்: ரேம் பற்றி அவளுக்கு என்னைவிட அதிகம் தெரிகிறது. மெதுவாக இருப்பதன் காரணமும் அவளுக்குத் தெரியாமல் இருக்காது. பிறகு ஏன் திறக்கக் கூடாது? அப்பாவின் பொருளில் வேற்றாள் கை படக் கூடாது என்பதாக இருக்கும். வேறென்ன இருக்க முடியும்? நியாயம்தான்.

செப்டம்பர் 10, புதன்

காலாண்டுத் தேர்வு ஆரம்பம். மூன்று மணி நேரம் நின்றபடி கண்காணிப்பு, கால் வீங்கிவிட்டது.

செப்டம்பர் 12, வெள்ளி

அடிப்பக்க ஸ்டிக்கரில் மாடல் எண் இருக்கும், போட்டோ எடுத்தாவது அனுப்பேன் என்று குடும்ப வாட்ஸப் குழுவில் கேட்டிருந்தேன். எங்கள் குழுவில் மூன்றே பேர். அடுத்த அறையில் இருக்கிறவளிடம் கேட்க எனக்கு வாட்ஸப் தேவைப்படுகிறது. இதையும் குறித்துக்கொள்கிறேன்.

இன்று இரண்டு படங்கள் வந்தன. ஒன்று திரையின் படம். அதில் ரேம் 4 ஜிபி என்றும், ரேம் செருகுகிற இரண்டு ஸ்லாட்டில் ஒன்று மட்டும் பயன்பாட்டில் இருப்பதாகவும் காட்டுகிறது. ஆக, இரண்டாவது ஸ்லாட் காலி! வாங்கி அதில் செருகினால் வேலை முடிந்தது. பள்ளிக்கூடத்து வராந்தாவில் எனக்கு நானே சிரித்துக்கொண்டேன்.

இரண்டாவது படம் அடிப்பக்கம். ஸ்டிக்கர் நன்றாகத் தெரிகிறது. மற்ற இடமெல்லாம் ஒரு பூத்துண்டால் மூடியிருக்கிறது. மாடல் எண்ணைப் படம் எடுக்க யாராவது மீதியைத் துண்டு போட்டு மூடுவார்களா? பெரிதாக்கிப் பார்த்தேன். துண்டின் ஓரத்தில் வெளிறிய பழுப்பு நிறத்தில் ஒரு கறையின் நுனி எட்டிப் பார்க்கிறது. துருவா? பிளாஸ்டிக்கில் துரு வராது. தேநீர் இன்னும் கறுத்திருக்கும். மஞ்சள் என்றால் வெயில் பட்டு வெளுத்திருக்கும். தெரியாத உப்பைக் கையில் கொடுத்ததுபோல இருக்கிறது.

செப்டம்பர் 13, சனி

வசுமதி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் உருவினேன்.

"இரண்டாவது ஸ்லாட் காலியாத்தான் இருக்கு வசு. அதுல ஒண்ணு வாங்கிப் போட்டுட்டா போதும்."

"காலியா? இல்லையே. தாரா அப்பா ரெண்டாவதா ஒண்ணு போட்டிருக்கேன்னாரே. எட்டு, எட்டுன்னு பெருமையாச் சொல்லிட்டுத் திரிஞ்சாரு. நான்கூட இட்லியான்னு கேட்டேன்."

திரை நான்கு என்கிறது. கதிரேசன் எட்டு என்றிருக்கிறார். மீதி நான்கு எங்கே போயிற்று?

கதிரேசன் கணக்கில் தப்பு செய்திருக்கலாம், அல்லது மனைவியிடம் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம் என்று தோன்றியபோது எனக்குள் ஒரு சின்ன சந்தோஷம் வந்தது. இந்த வீட்டில் பால் பாக்கெட்டை வெட்டுவதிலிருந்து மின்விசிறிக்கு எண்ணெய் போடுவதுவரை எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டுப் போன மனிதர் அவர். அவர் ஒன்றிலாவது தவறியிருந்தால் நன்றாக இருக்கும் என்று இருந்தது. இதை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். ரெக்கார்டு நோட்டில் அடித்தல் திருத்தல் கூடாது என்று சொல்கிறவன் நான். இருக்கட்டும்.

எழுந்து போகும்போது வசுமதி இன்னொன்றும் சொன்னாள். "அவர் இருந்தவரைக்கும் ஆயுத பூஜைக்கு முதல் பொட்டு அந்த லேப்டாப்புக்குத்தான். போன வருஷம் எடுத்துட்டு வாடின்னா இவ கொடுக்கவே மாட்டேன்னுட்டா. என்ன கோபமோ."

செப்டம்பர் 14, ஞாயிறு

ரெஜினா மாடல் எண்ணைப் பார்த்ததும் எழுந்து போய் ஒரு பெட்டியை எடுத்து வந்தார்.

"டிடிஆர் த்ரீ எல். அந்த எல் முக்கியம் சார். கம்மி வோல்டேஜ்ல ஓடுறது. சாதா த்ரீயைப் போட்டா காடி சேரும், ஆனா மிஷின் எழுந்திரிக்காது. பாக்க ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கும்."

முன்பு வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எட்டு ஜிபி ஒன்று வாங்கினேன். நான்கு மட்டும் கூடுதலாகப் போட்டால் மறுபடியும் அதே எட்டுதான், வீடு வரைய அது போதாது என்றார். இதே மாதிரி இன்னொரு எட்டும் சேர்த்து ஜோடியாகப் போட்டால் இன்னும் விசேஷமாம்.

"ஸ்லாட்டில் ரேம் இருந்தும் மிஷினுக்குத் தெரியாமல் போகுமாங்க?" என்று கேட்டேன்.

"போகுமே. கழண்டிருக்கும், இல்லை உள்ளே எதாச்சும் போயிருக்கும். ஒரு தடவை ஒரு மிஷின்ல எறும்பு குடும்பம் நடத்திட்டிருந்தது சார். திறந்து பாத்தாத்தானே தெரியும்?"

திறந்து பார்த்தால்தானே தெரியும். அதைத்தான் நானும் சொல்கிறேன்.

செப்டம்பர் 18, வியாழன்

தாரகைக்கு வருகிற 26ஆம் தேதி கல்லூரியில் மதிப்பீடு. ஒரு குடும்பத்துக்கான வீட்டை முப்பரிமாணத்தில் வரைந்து காட்ட வேண்டும். கல்லூரிக் கணினி அறையை ஐந்து மணிக்குப் பூட்டிவிடுகிறார்கள். வீட்டில் இருக்கும் இந்தக் கிழட்டு லேப்டாப்பில் கூரையைப் போட்டால் சுவர் மறைகிறது, சுவரைப் போட்டால் எல்லாமே உறைந்து நிற்கிறது. இன்று மாலை அவள் அறையிலிருந்து சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தால், உறைந்துபோன திரைக்கு முன்னால் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள்.

இந்தத் தாளில் தவறினால் அடுத்த ஆண்டு மறுபடி எழுத வேண்டும் என்கிறாள் வசுமதி. "நீங்களாவது சொல்லுங்களேன்."

நான் யார் சொல்வதற்கு? புது ரேம் என் மேஜை இழுப்பறையில் உறை பிரிக்காமல் கிடக்கிறது. தினமும் இழுத்துப் பார்த்துவிட்டு மூடுகிறேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

வசுமதி லால்குடியில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போயிருந்தாள். நான் துவரம்பருப்பை வேகப் போட்டுவிட்டு விசில் எண்ணிக்கொண்டிருந்தேன். தாரகை வந்து லேப்டாப்பைச் சாப்பாட்டு மேஜையில் கவிழ்த்து வைத்தாள். கண்கள் சிவந்திருந்தன.

"மாடிப்படி போட்டதெல்லாம் போச்சு. ஒரு வாரமாப் போட்டது. சேவ் ஆகவே இல்லை." கொஞ்சம் நிறுத்தி, "திறங்க" என்றாள். "ஆனா உள்ளே எது இருந்தாலும் அம்மாகிட்ட சொல்லக் கூடாது."

அடுப்பை அணைத்தேன். துண்டு இல்லாமல் அந்த அடிப்பக்கத்தை முதல்முறையாகப் பார்த்தேன். ரேம் இருக்கிற இடத்துக்கு மேலே ஒரு சின்ன மூடி. அதன் நடுவில் வட்டமாக ஒரு கறை. வட்டத்திலிருந்து ஒரு கோடு கிளம்பி, மூடியின் விளிம்புவரை போய் அங்கே மறைந்திருந்தது. திருகாணிகளைக் கழற்றினேன். மூடி வரவில்லை, ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் நெம்பினேன். திறந்ததும் வாசனை வந்தது.

சந்தனம்.

இரண்டாவது ஸ்லாட் காலியாக இல்லை. அதில் ஒரு நான்கு ஜிபி ரேம் ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. அதன் தங்கநிறப் பற்களின் மீது சந்தனம் காய்ந்து, ஏடு ஏடாக ஒட்டியிருந்தது. கதிரேசன் சொன்ன எட்டு சரிதான். மனிதர் இதிலும் தவறவில்லை.

தாரகை நின்றபடியே சொன்னாள். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, ரேமைப் பார்த்தாள்.

"அப்பா எப்பவும் பொட்டைத் திரை மூடி மேல வெக்க மாட்டாங்க. 'மிஷினுக்கு மூளை எங்கே இருக்கோ அங்கேதான் வெக்கணும்'னு சொல்லி, கவுத்துப் போட்டு இந்த இடத்துல வெப்பாங்க. அவங்களே ரேம் போட்ட இடம்ல. அப்பா இறந்துபோன வருஷம் வீட்டுல பண்டிகை எதுவும் கிடையாதுன்னு சொல்லிட்டாங்க. தீபாவளி கிடையாது, பொங்கல் கிடையாது. சரின்னுதான் நானும் இருந்தேன். ஆனா ஆயுத பூஜை அன்னைக்கு இதைப் பாத்தா ஒரு மாதிரி இருந்துச்சு. அப்பா ஒரு வருஷம்கூட விட்டதில்லை. அம்மா மாடியில துணி காயப் போடப் போனப்ப நானே சந்தனத்தைக் கரைச்சு வெச்சேன். தண்ணி ஜாஸ்தியாயிருச்சு. படியில சத்தம் கேட்டுச்சு. பயத்துல அப்படியே தூக்கி பீரோவுல துணிக்கு நடுவுல நட்டுக்க நிறுத்தி வெச்சுட்டேன்."

"அப்புறம்?"

"மறுநாள் போட்டா நாலுதான் காட்டுச்சு. கொண்டாடக் கூடாதுன்னு சொல்லியும் கொண்டாடினேன்ல. அதான். அப்பா போட்டது போயிருச்சு."

அப்போதுதான் எனக்கு எல்லாம் புரிந்தது. திறக்க விடாமல் இருந்தது என் கைக்காக இல்லை. உள்ளே இருப்பதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக. பதினைந்து வயதில் செய்ததை இந்தப் பெண் இரண்டு வருடமாகத் தனியாகச் சுமந்திருக்கிறாள். தலையைத் தடவிக் கொடுக்கலாம் என்று கை எழுந்தது. அந்த உரிமை இருக்கிறதா என்று தெரியாமல் கையை இறக்கிக்கொண்டேன். எனக்குத் தெரிந்தது வேதியியல் மட்டும்தான்.

"பாக்கெட் சந்தனமா, கட்டையில இழைச்சதா?"

அவள் நிமிர்ந்தாள். "பாக்கெட்."

"எவ்வளவு தண்ணி?"

"ஒரு டம்ளர்ல பாதி."

"பாதி டம்ளரா! அது சந்தனம் இல்லம்மா, ரசம்."

உதடு லேசாக அசைந்தது. லேப்டாப்பைப் பீரோவில் நின்ற மாதிரியே நிமிர்த்திப் பிடித்து, அந்தக் கோட்டை விரலால் காட்டினேன். "இங்க பாரு. இங்கேருந்து கிளம்பி நேரா கீழ்ப்பக்கமா இறங்கியிருக்கு. கீழ இருந்த ஸ்லாட்டுக்குள்ள போயிருக்கு. மேல இருந்ததுக்கு ஒண்ணும் ஆகல. சாமி கோவிச்சிருந்தா ரெண்டையும்ல எடுத்திருக்கும்? பாதியோட விட்டுட்டுப் போகுமா? இது சாமி வேலை இல்ல, தண்ணி வேலை."

அவள் அந்தக் கோட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

மூக்குக் கண்ணாடி துடைக்க வாங்கி வைத்திருந்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் இருந்தது. இரண்டு ரேமையும் கழற்றிப் பஞ்சால் துடைத்தேன். பற்களை அவளுடைய பென்சில் ரப்பரால் தேய்த்தோம். ஸ்லாட்டுக்குள்ளே புது பல்துலக்கியை நனைத்துத் துகளை எடுத்தாள் தாரகை. நன்றாக உலரவிட்டு, இரண்டையும் திரும்ப மாட்டிப் பொத்தானை அழுத்தினேன்.

அதே நாள், மாலை

திரை கறுப்பு. ஒன்றுமே வரவில்லை. முன்பு நான்கையாவது காட்டியது. தாரகை தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் தொட்டிருக்கவே கூடாது.

செப்டம்பர் 22, திங்கள்

காலையில் எழுந்தபோது மேஜையில் லேப்டாப் கவிழ்ந்து கிடந்தது, மூடி திறந்திருந்தது. தாரகை அதன் மேல் குனிந்திருந்தாள். வசுமதி குளித்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து மாட்டும்போது சத்தம் கேட்டுச்சா?" என்றாள் தாரகை.

"என்ன சத்தம்?"

"டக்குனு. சாய்ச்சுச் செருகி, அமுக்கினா ரெண்டு பக்கமும் டக்குனு பிடிக்கணும். அப்பா சொல்வாங்க."

கேட்கவில்லை. உடைந்துவிடுமோ என்ற பயத்தில் நான் அழுத்தவே இல்லை. பச்சைக் குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி வைத்திருந்தேன்.

"நீங்க அந்தப் பக்கம் அமுக்குங்க" என்றாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு ஓரத்தில் விரலை வைத்து அழுத்தினோம். டக். இன்னொன்றும் டக்.

பொத்தானை அழுத்தினாள். காத்திருந்தோம். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. திரை வெளுத்தது. அவள் பெயர் வந்தது. எங்கோ போய் எதையோ திறந்து பார்த்தாள்.

"எட்டு" என்றாள். சத்தமே வராமல், உதட்டால் மட்டும் சொன்னாள்.

பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகத்தான் போனேன். போகட்டும்.

செப்டம்பர் 23, செவ்வாய்

மாலை. மேஜையில் மூன்று ரேம். கம்பெனி வைத்த நான்கு, கதிரேசன் போட்ட நான்கு, நான் வாங்கிய எட்டு. ஸ்லாட் இரண்டுதான்.

"எட்டும் எட்டும் ஜோடியாப் போட்டா நல்லதுன்னு ரெஜினா சொன்னாங்க" என்றேன். "இன்னொன்னு வாங்கிட்டு வந்துரட்டுமா? பதினாறு ஆயிரும்." சொல்லி முடித்த பிறகுதான் அதற்குக் கதிரேசன் போட்டதையும் எடுக்க வேண்டும் என்பது உறைத்தது. அவசரமாக, "இல்ல, இப்ப இருக்கிற எட்டே போதும்னாலும் சரி. புதுசைத் திருப்பிக் கொடுத்துரலாம்" என்றேன்.

தாரகை மூன்றையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள், சீட்டுக்கட்டு மாதிரி.

"எட்டு பத்தாது. கூரை வரும்போது நின்னுரும்." கம்பெனி ரேமைத் தள்ளி வைத்தாள். "இதை எடுத்துரலாம். இது கடையில இருந்து வந்தது. அப்பா போட்டது ஒண்ணு, நீங்க வாங்கினது ஒண்ணு. பன்னெண்டு."

"ரெண்டும் வேற வேற அளவு, வேற வேற கம்பெனி. ஒத்துப்போகுமா?"

"வோல்டேஜ் ஒண்ணுதானே? போகும்."

போயிற்று. காலையில் பொத்தானை அழுத்திவிட்டுக் குளிக்கப் போகிற வழக்கத்தை அவள் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.

செப்டம்பர் 26, வெள்ளி

மதிப்பீடு முடிந்தது. குடும்பக் குழுவில் வீட்டின் படத்தை அனுப்பியிருந்தாள். மாடிப்படி இருக்கிறது. கூரையும் இருக்கிறது.

செப்டம்பர் 30, செவ்வாய்

நாளை ஆயுத பூஜை. வீட்டைக் கழுவிவிட்டோம். நான் ஜன்னல் கம்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே வசுமதி, "இந்த வருஷமாவது லேப்டாப்பை வெப்பியாடி?" என்று கேட்டது காதில் விழுந்தது. பிறகு தாரகை பேச ஆரம்பித்தாள். துணி, பீரோ, பாதி டம்ளர் எல்லாம் சொன்னாள். என்னைச் சொல்லக் கூடாது என்று தடுத்ததை அவளே சொல்லிவிட்டாள். கம்பியைத் துடைத்த கை அப்படியே நின்றுவிட்டது.

வசுமதி திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அன்னைக்கு நான் துணி காயப் போடவாடி போனேன்?" என்றாள். குரல் உடைந்திருந்தது. "மாடியில உங்கப்பா வண்டி ஹெல்மெட்டைக் கொண்டுபோய் ஒளிச்சு வெச்சிருந்தேன். அதுக்கு ஒரு பொட்டு வெச்சுட்டு, நீ பாத்துட்டா மனசு கஷ்டப்படுவேன்னு தொடச்சுட்டு இறங்கி வந்தேன்."

மாடியில் ஒருத்தி, கீழே ஒருத்தி. ஒரே நேரத்தில், ஒருத்திக்குத் தெரியாமல் இன்னொருத்தி. இரண்டு பேரும் அழுதார்கள். நடுவில் தாரகை சிரிக்கவும் செய்தாள். அந்த இடத்தில் எனக்கு வேலை இல்லை. பொரி, கடலை, வெண்பூசணி வாங்கி வருகிறேன் என்று கதவுக்கு வெளியே நின்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். கடைத்தெருவில் கூட்டம் நெருக்கியடித்தது. பூசணிக்காரரிடம் பேரம் பேச மறந்துவிட்டேன்.

அவர்கள் இரண்டு பேருக்கும் கதிரேசன் இருக்கிறார். எப்போதும் இருப்பார். இருக்கத்தான் வேண்டும். ஆனாலும் திரும்பி வரும் வழியில் எனக்குக் கொஞ்சம் தனியாக இருந்தது. இதையும் அடிக்கவில்லை.

அக்டோபர் 1, புதன்

காலையிலேயே சந்தனம் கரைக்கும் வேலை என் தலையில் விழுந்தது. கொடுத்தவள் தாரகை. கிண்ணத்தையும் பாக்கெட்டையும் என் முன்னால் வைத்து, "தண்ணி நீங்க ஊத்துங்க. நான் ஊத்தினா ரசமாயிரும்" என்றாள்.

சொட்டுச் சொட்டாக விட்டுக் குழைத்தேன். விரலில் எடுத்துத் தலைகீழாகப் பிடித்தால் விழக் கூடாது. அதுதான் பதம். அவளே சோதித்துப் பார்த்துத் தலையாட்டினாள்.

வசுமதி பொருள்களை வரிசையாக வைத்திருந்தாள். தையல் மிஷின், அரிவாள்மனை, மிக்ஸி, தாரகையின் வரைபலகை, என்னுடைய திருப்புளி. எல்லாவற்றுக்கும் முன்னால் லேப்டாப், கவிழ்ந்தபடி. பக்கத்தில் கழற்றி வைத்த அந்தக் கம்பெனி ரேமும் இருந்தது. அது என்ன பாவம் செய்தது என்று வைத்திருக்கிறாள். மாடியிலிருந்து ஹெல்மெட்டும் இறங்கி வந்திருந்தது.

தாரகைதான் பொட்டு வைத்தாள். ஹெல்மெட்டுக்கு அம்மாவை வைக்கச் சொன்னாள். லேப்டாப்பின் சின்ன மூடி மேல், பழைய கறை இருந்த அதே இடத்தில், கெட்டியாக ஒரு பொட்டு வைத்து, நடுவில் குங்குமம் வைத்தாள். சாய்த்துப் பார்த்தாள். ஓடவில்லை. என் வண்டிக்கும் வெளியே போய் வைத்துவிட்டு வந்தாள்.

கிண்ணத்தில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. "அதை ஏன் வீணாக்குறே, கதவுக்கு வெச்சிரு" என்றாள் வசுமதி. தாரகை கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கதவுப் பக்கம் போனாள். பாதி வழியில் நின்றாள். திரும்பி வந்து, கற்பூரம் ஏற்றக் குனிந்திருந்த எனக்கு முன்னால் நின்றாள்.

"கொஞ்சம் நிமிருங்க."

நிமிர்ந்தேன்.

"மூளை இருக்கிற இடத்துலதான் வெக்கணும்" என்று சொல்லி, என் நெற்றியில் வைத்து அழுத்தினாள். டக்கென்று சத்தம் கேட்க வேண்டும் என்பதுபோல அவ்வளவு அழுத்தமாக.

வசுமதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தீப்பெட்டி என் கையில் இருந்தது. மூன்று குச்சி வீணானது, நான்காவதில்தான் பற்றியது.

உற்றுநோக்கல்: கெட்டியான சந்தனம். குனிந்தும் ஓடவில்லை. இப்போது நெற்றியில் காய்ந்து இழுக்கிறது. இன்று முகம் கழுவுவதாக இல்லை.